“படிச்சேன்க்கா, ஆனா வரலை”: எஸ்.பி.எம். எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு



பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வகுப்பு நடத்துகிறோம். கீழே ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடை, பாட்டுச் சத்தம், பஸ் ஹார்ன். மேலே ஒரு சின்ன அறை, ஒரு வெள்ளைப் பலகை, பதினைந்து பதினாறு பேர். டிரையல் முடிவு வந்த வாரம், கிள்ளானிலிருந்து வரும் ஒரு தம்பி தன் செஜாரா பேப்பரை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எடுத்துப் பார்த்தேன். 31.

“படிச்சேன்க்கா. மூணு தடவை படிச்சேன். ஹால்ல போய் உக்காந்தா ஒண்ணுமே வரலை.”

அவன் பொய் சொல்லவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினான். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று ஹைலைட்டர். ஓரத்தில் குட்டிக் குட்டி எழுத்தில் குறிப்புகள். அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்தது. ஏன் என்றால் என் புத்தகமும் அப்படித்தான் இருந்தது.

செஜாராவை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்? எஸ்.பி.எம்.மில் பகாசா மலாயுவும் செஜாராவும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடங்கள். செஜாரா 2013 முதல் இந்தப் பட்டியலில் இருக்கிறது. மற்றப் பாடங்களில் எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழே கிடையாது. இந்தத் தம்பிக்கு எலக்ட்ரிகல் பிடிக்கும், பொலிடெக்னிக் போக ஆசை. கணிதம் அவனுக்கு நன்றாகவே வரும். ஆனால் செஜாராவில் விழுந்தால் மனு போடவே கையில் சான்றிதழ் இருக்காது. மறுதேர்வு உண்டு, உண்மைதான். ஆனால் அதற்குள் கூடப் படித்தவர்கள் எல்லாரும் எங்கெங்கோ போய்விடுவார்கள். அந்தக் காத்திருப்பில் படிப்பையே விட்டுவிட்ட அண்ணன்களை நம் ஒவ்வொரு தாமானிலும் பார்க்கலாம்.

உங்கள் பேட்ச்சுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான் 2016இல் யு.பி.எஸ்.ஆர். எழுதினேன், 2019இல் பி.டி.3. அந்த பி.டி.3தான் கடைசி. 2020இலும் 2021இலும் கோவிட்டால் நடக்கவில்லை, 2022இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். யு.பி.எஸ்.ஆர். அதற்கு முந்தின வருஷமே போய்விட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய மண்டபம், மேசையில் ஒட்டிய எண், தெரியாத கண்காணிப்பாளர், சுவரில் ஓடும் கடிகாரம், இதெல்லாம் எஸ்.பி.எம்.முக்கு முன்னாடியே எங்களுக்கு இரண்டு தடவை பழகியிருந்தது. உங்களில் பலருக்கு 17 வயதில் எஸ்.பி.எம்.தான் முதல் தடவை. அதனால் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே நீங்களாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, என் கதை. 2021இல் பெரும்பாலும் வீட்டிலிருந்தே படிப்பு. கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நாலு கலர் ஹைலைட்டரோடு செஜாரா நோட்ஸ் எழுதினேன். தலைப்புக்கு ஒரு கலர், ஆண்டுக்கு ஒரு கலர். படம் எடுத்து தோழிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் “வாவ்” என்பார்கள். பள்ளி மறுபடி திறந்து தேர்வு வைத்தார்கள். 38. நோட்ஸ் அழகாக இருந்தது, தலை காலியாக இருந்தது.

ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது அம்மா கேட்டார், “திருமுறை விழாவுக்கு நீ தேவாரம் எப்படிப் படிச்ச? புத்தகத்தைப் பார்த்துக்கிட்டேவா இருந்த?”

உங்களில் பலர் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்குப் போயிருப்பீர்கள். எப்படிப் படித்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வகுப்பு ஆசிரியர் ஒரு வரி சொல்வார், நாம் திருப்பிச் சொல்வோம். வீட்டுக்கு வந்து புத்தகத்தை மூடிவிட்டுப் பாடுவோம். மூன்றாவது வரியில் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்ப்போம், “அட, இதுதானா!” மறுபடி மூடி முதலிலிருந்து. மறுநாள் குளிக்கும்போது, காரில் போகும்போது. போட்டி அன்று பயத்தில் தொண்டை வறண்டாலும் வாய் தானாக ஓடும். ஹைலைட்டர் போட்டுத் தேவாரம் படித்த யாரையும் நான் பார்த்ததில்லை.

வேதம் ஓதுபவர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பதம், கிரமம், ஜடை, கனம் என்று பல முறைகள். கிரமத்தில் ஒன்றாவது சொல்லும் இரண்டாவதும், பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் என்று சங்கிலி போலப் போகும். ஜடையில் முன்னும் பின்னுமாகத் திரும்பி வரும். ஒரு சொல் இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும். பொறியியல் வகுப்பில் டேட்டா அனுப்பும்போது பிழை கண்டுபிடிக்கக் கூடுதல் பிட் சேர்ப்பதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. (லெக்சரரிடம் சொன்னேன். அவர் பாதி நம்பினார்.)

இதை ஆராய்ச்சியாகச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை இரண்டு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்தது, அடுத்த தடவை பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால், 81 விழுக்காடு, எழுதினவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறியது. திரும்பப் படித்தவர்களுக்கு 42, பார்க்காமல் எழுதினவர்களுக்கு 56.

அந்த ஐந்து நிமிடக் கணக்கைக் கவனியுங்கள், நாம் ஏமாறுவது அங்கேதான். படித்து முடித்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பக்கம் கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். மண்டபத்தில் அந்தப் பக்கம் இருக்காது, வெள்ளைத்தாள்தான் இருக்கும்.

செஜாராவில் நான் செய்ததைச் சொல்கிறேன். நான்காம் படிவப் புத்தகத்தில் மலாயன் யூனியன் வருகிறது, 1946 ஏப்ரல் 1. மலாய்க்காரர்கள் அதை ஏன் எதிர்த்தார்கள்? ஒரு தடவை ஒழுங்காகப் படித்தேன். புத்தகத்தை மூடினேன். வெறும் தாளில் நீலப் பேனாவில் வந்ததை எல்லாம் எழுதினேன். சுல்தான்களின் அதிகாரம் போனது ஞாபகம் வந்தது. குடியுரிமை விஷயம் பாதி வந்தது. மெக்மைக்கேல் வந்து அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கியது சுத்தமாக மறந்துபோயிருந்தது. புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்புப் பேனாவில் எழுதினேன். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் பார்க்காமல் எழுதிப் பார்த்தேன். மூன்று நாள் கழித்து முழுசாக இன்னொரு தடவை, பிறகு ஒரு வாரம் கழித்து. முதல் நாள் தாள் பாதி காலியாகத்தான் இருக்கும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், நோட்ஸ் எழுதுவதில் இருக்கிற சந்தோஷம் இதில் கிடையாது. ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொமுட்டரில் வருபவர்களுக்கு மேசையும் தேவையில்லை. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான்காம் படிவ செஜாராவில் பத்து அத்தியாயம். கிள்ளானில் ஏறியதும் முதல் அத்தியாயம், புக்கிட் பாடாக்கில் இரண்டாவது, பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று ஒரு ஸ்டேஷனுக்கு ஒன்று. அந்த அத்தியாயத்தில் என்னென்ன நடந்தது என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொண்டதோ அதைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் அதை மட்டும் திறந்தால் போதும்.

இதில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நமக்கு ஒரு சின்ன விஷயம் உண்டு. மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போது தமிழில் சொல்லுங்கள், தப்பில்லை, எனக்கு அப்போதுதான் கதை புரிந்தது. ஆனால் தாளில் எழுதும்போது கட்டாயம் மலாயில் எழுதிப் பழகுங்கள். விஷயம் தெரிந்தும் மலாயில் வாக்கியம் ஓடாததால் மார்க் போனவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

அந்தத் தம்பியின் பேப்பரை நாங்கள் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். 31 வந்ததற்குப் படிப்பு மட்டும் காரணம் இல்லை. ‘நியாதாக்கான்’ என்று கேட்ட இரண்டு மார்க் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தான். அங்கே சொன்னாலே போதும், ஆளுக்கு ஒரு வரி. ‘ஹுராய்கான்’ என்று கேட்ட கட்டுரைக் கேள்விக்கு வெறும் பட்டியல் போட்டிருந்தான். அங்கே விளக்கம் வேண்டும். ‘பண்டிங்கான்’ என்றால் ஒப்பிட வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பாதிதான். ‘பாடா பெண்டாபாட் அண்டா’ என்று ஆரம்பித்தால் உங்கள் கருத்தைக் காரணத்தோடு கேட்கிறார்கள். அதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் தேடக்கூடாது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி, நாம் கேபாட் என்று சொல்வது, பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

செஜாரா ஆசிரியர்கள் திருத்தும்போது எஃப், எச், சி என்று ஓரத்தில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஃபக்தா, ஹுராயான், சொந்தோ. ஒரு உண்மை, அதன் விளக்கம், ஓர் உதாரணம். “சுல்தான்களின் அதிகாரம் குறைந்தது” என்பது உண்மை. சமயமும் மலாய் மரபும் மட்டும் அவர்களிடம் மிஞ்சின, ஆட்சி கவர்னர் கைக்குப் போனது என்பது விளக்கம். அந்த கவர்னர் எட்வர்ட் ஜென்ட் என்பது உதாரணம். ஞாபகத்திலிருந்து எழுதும்போதே மூன்று மூன்றாக எழுதிப் பழகினால் மண்டபத்தில் கை தானாக அப்படிப் போகும்.

அடுத்தது நேரம். இது நான் தாமதமாகக் கண்டுபிடித்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். செஜாரா இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மார்க். கணிதம் இரண்டாம் தாளும் அப்படியே. ஆட் மேத்ஸ் இரண்டாம் தாளும் அப்படியே, முதல் தாள் இரண்டு மணி நேரத்துக்கு 80 மார்க். வகுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம். செஜாரா முதல் தாளில் 40 கேள்வி, ஒரு மணி நேரம், அங்கேயும் அதே கணக்கு. அதனால் நாலு மார்க் கேள்வி என்றால் ஆறு நிமிடம். பத்து மார்க் என்றால் கால் மணி நேரம். ஏழாவது நிமிடத்திலும் அந்த நாலு மார்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், பின்னால் இருக்கிற சுலபமான கேள்வியிலிருந்து மார்க்கை எடுத்து இங்கே செலவழிக்கிறீர்கள். இடம் விட்டுவிட்டு நகருங்கள், கடைசியில் வந்து பாருங்கள். நம் தம்பி முன்பக்கத்தில் அரைப் பக்கம் அரைப் பக்கமாக எழுதித் தள்ளியதில் கடைசிக் கட்டுரையைத் தொடவே இல்லை.

அப்ஜெக்டிவ் கேள்வியில் தப்பான பதிலுக்கு மார்க் கழிப்பது கிடையாது. ஆகவே ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள்.

கணிதத்துக்கு வருகிறேன். “ஆன்சர் தப்பு, அவ்வளவுதான், போச்சி” என்று நினைக்கிறோம். மார்க் கொடுக்கும் ஸ்கிமாவில் வழிமுறைக்குக் ‘கே’ மார்க், சரியான மதிப்புக்கு ‘என்’ மார்க் என்று தனித்தனியாக இருக்கும். ஃபார்முலாவில் எண்ணைச் சரியாகப் போட்டுக் காட்டியிருந்தால், கடைசியில் கூட்டல் தப்பினாலும் ‘கே’ கிடைக்கும். கால்குலேட்டரில் எல்லாம் தட்டிவிட்டுப் பதிலை மட்டும் எழுதுபவர்கள், அந்தப் பதில் தப்பினால், முழுசாக இழக்கிறார்கள். நம் பையன்களில் கணிதத்தில் கெட்டிக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வேகமாக வருகிறது என்பதால் படிகளைத் தாண்டிவிடுகிறார்கள்.

கால்குலேட்டர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஐந்தாம் படிவ ஆட் மேத்ஸில் முதல் அத்தியாயமே ரேடியன்தான். ஆரம் 10 சென்டிமீட்டர், கோணம் 60 டிகிரி, வில்லின் நீளம் என்ன? 60ஐ ரேடியனாக மாற்றாமல் அப்படியே பெருக்கினால் 600 சென்டிமீட்டர் வரும். நான் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். முழு வட்டத்தின் சுற்றளவே 62.8 சென்டிமீட்டர்தான். அதில் ஒரு துண்டு எப்படி ஆறு மீட்டர் இருக்கும்? 60 டிகிரி என்பது வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, ஆகவே பத்து சொச்சம் வரவேண்டும் என்று கண்ணாலேயே சொல்லலாம். சரியான பதில் 10.47. பதில் எழுதியதும் “இது நடக்கிற காரியமா?” என்று ஐந்து விநாடி கேட்டுப் பார்ப்பது பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு முதல் வருஷத்திலிருந்தே தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தருவது. சைன், கோசைன் போடும் முன் டிகிரி மோடா, ரேடியன் மோடா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரையல் பேப்பர் வந்ததும் மார்க்கைப் பார்த்துவிட்டு பையில் திணிப்பதுதான் நம் வழக்கம். அந்தப் பேப்பர்தான் இனி உங்களுக்கு முக்கியமான புத்தகம். ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு தப்பையும் எழுதுங்கள், பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். தெரியவே தெரியாதா, தெரிந்தும் கவனக்குறைவா, கேள்வி புரியவில்லையா, நேரம் போதவில்லையா? நாலுக்கும் மருந்து வேறு வேறு. நேரம் போதாதவன் மறுபடி மறுபடி நோட்ஸ் படித்து என்ன பண்ணுவது? அவன் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். மற்ற மாநிலங்களின் டிரையல் தாள்கள் புத்தகக் கடைகளில் தொகுப்பாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒன்று, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முழு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். நடுவில் தண்ணி குடிக்க எழுந்து போவது கிடையாது.

“எங்கக்கா நேரம் இருக்கு? திங்கள் பி.எம். டியூஷன், செவ்வாய் மேத்ஸ், புதன் ஃபிசிக்ஸ்…” என்று கேட்பீர்கள். டியூஷனை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் சமுதாயத்தில் பல பேர் மேலே வந்ததே அப்படிப்பட்ட வகுப்புகளால்தான். 1982இல் டாக்டர் தம்பிராஜா ஆரம்பித்த ஸ்ரீ முருகன் நிலையம் எத்தனை பிள்ளைகளைக் கைதூக்கி விட்டது என்று உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்வார்கள். ஆனால் ஐந்து நாள் ஐந்து டியூஷன் போய், ஒரு நாள்கூடத் தனியாக உட்கார்ந்து எழுதிப் பார்க்காவிட்டால், அங்கே ஆசிரியர் கணக்குப் போடுவதை வேடிக்கை பார்த்த கணக்குதான். ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். கட்டணம் மிச்சமாகிறது என்றால் கேட்பார்கள்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைப்பது, தேர்வுக்கு முன் கோயிலில் பேனாவை வைத்து அர்ச்சனை செய்வது, இதெல்லாம் நானும் செய்தேன், மனசு அடங்குகிறது. அர்ச்சனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேனாவாலேயே ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள்.

தேர்வு வாரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்காதீர்கள். மைகார்டும் தேர்வுப் பதிவுத் தாளும் முந்தின நாளே பையில் இருக்கட்டும். பேனா இரண்டு. மண்டபத்துக்கு வெளியே நின்று “அந்த டாப்பிக் வருமாம்லா” என்று பேசுகிற கூட்டத்தில் நிற்காதீர்கள். கேள்வித்தாள் கையில் வந்து ஒரு நிமிடம் தலை வெறுமையானால் பயப்படாதீர்கள், எனக்கும் ஆனது. மார்ஜினில் ஞாபகம் வருகிற ஏதாவது ஓர் ஆண்டை எழுதினேன், 1948. பெர்செகுதுவான் தானா மெலாயு, பிப்ரவரி 1. அதே வருஷம் ஜூனில் டாருராட், அவசரகாலம். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் பின்னாலேயே வந்தது. எனக்கு செஜாராவில் பி பிளஸ். ‘ஏ’ கிடைக்கவில்லை. 38இலிருந்து வந்தவளுக்கு அது போதும்.

நம் கிள்ளான் தம்பி இப்போது நீலப் பேனா, சிவப்புப் பேனா இரண்டும் கொண்டு வருகிறான். புத்தகத்தில் புதிதாக ஹைலைட்டர் விழுந்த மாதிரித் தெரியவில்லை. போன வாரம் வேறொரு மாநிலத்தின் டிரையல் தாளைக் கொடுத்து, என் போனில் இரண்டரை மணி நேரம் அலாரம் வைத்து எழுத விட்டோம். 47. பேப்பரை இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை. “அக்கா, கடைசிக் கட்டுரை இன்னும் பாதியிலதான் நிக்குது” என்றான். அடுத்த சனிக்கிழமை அந்தக் கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறோம்.